யானைக் கட்சியின் கதை – 17: பிரதமர் வராத கையொப்பம்

1984 டிசம்பரில் சிறில் மத்தியூ அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கைத்தொழில் அமைச்சர், களனித் தொகுதியின் எம்.பி., ஐக்கிய தேசியக் கட்சியின் தொழிற்சங்கமான ஜாதிக சேவக சங்கமயவின் தலைவர், தமிழருக்கு எதிரான பிரசுரங்களால் பெயர் எடுத்தவர். சர்வகட்சி மாநாட்டில் பேசப்பட்ட அதிகாரப் பகிர்வு யோசனைகளை அவர் பகிரங்கமாக எதிர்த்தார். ஜே.ஆர். ஜயவர்தன அவரைப் பதவி நீக்கினார்.

கட்சிக்குள் கடும்போக்கின் காலம் முடிந்தது என்று கொழும்பில் பலர் நம்பினார்கள். மூன்று வருடம் போவதற்குள் அதே பிரச்சினை அமைச்சரவை மேசைக்குத் திரும்பி வந்தது. இந்த முறை எதிர்த்து நின்றவர்களில் முதலாவது ஆள் நாட்டின் பிரதமர்.

*

1987 பிறந்தபோது ஜே.ஆருக்கு வயது எண்பது. எவரும் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகத் தெரிவாக முடியாது என்று அவரே எழுதுவித்த அரசியலமைப்பு சொல்லியது. 1982 இல் வென்ற இரண்டாவது தவணை 1989 ஆரம்பத்தில் முடிந்துவிடும். ஆகவே கட்சிக்குள் எல்லோர் மனதிலும் இரண்டு கணக்குகள் ஓடின. வடக்கில் நடக்கும் போர் எப்படி முடியும்? பெரியவருக்குப் பிறகு யார்?

வரிசையில் மூன்று பேர் நின்றார்கள்.

ரணசிங்க பிரேமதாச, பிரதமர். கொழும்பு வாழைத்தோட்டத்தில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, மத்திய கொழும்பிலிருந்து பாராளுமன்றம் வந்தவர். சேனநாயக்கக்களும் கொத்தலாவலவும் ஜயவர்தனவும் தலைமை தாங்கிய பணக்காரக் கட்சியில், பின்தங்கிய தெருவொன்றிலிருந்து மேலே ஏறி வந்த ஆள். வீடமைப்புத் திட்டங்களும் 'கம்உதாவ' விழாக்களும் அவரைக் கிராமங்களுக்குக் கொண்டு சேர்த்திருந்தன.

லலித் அத்துலத்முதலி, தேசியப் பாதுகாப்பு அமைச்சர். ஒக்ஸ்போர்டில் படித்தவர், அங்கே மாணவர் சங்கத் தலைவராக இருந்தவர். 1984 முதல் போரின் முகமாக நாட்டுக்குத் தெரிந்தவர் அவர்தான்.

காமினி திசாநாயக்க, காணி மற்றும் மகாவலி அமைச்சர். மூவரிலும் இளையவர். மகாவலித் திட்டத்தின் அணைகளும் இலங்கை கிரிக்கெட்டுக்குக் கிடைத்த டெஸ்ட் அந்தஸ்தும் அவர் பெயரோடு ஒட்டியிருந்தன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்களில் சிறில் மத்தியூவோடு யாழ்ப்பாணத்தில் இருந்த அமைச்சரும் இவரே. தமிழர்கள் அதை மறக்கவில்லை.

அந்தக் காமினிதான் 1987 இல் சமரசப் பக்கத்தின் முக்கிய தூதரானார். இந்தக் கட்சியில் மிதவாதி யார், கடும்போக்காளர் யார் என்று நிரந்தரமாகப் பெயர்ப்பட்டியல் போட முடியாது என்பதற்கு அவரே சாட்சி.

தலைவரின் கதையும் அப்படித்தான். 1944 இல் அரசாங்க சபையில் சிங்களத்தை அரச மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தவர் ஜே.ஆர்.; தமிழும் சேர்க்கப்பட்டது திருத்தத்தின் மூலம். 1957 இல் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்குக் கால்நடையாகக் கிளம்பியவரும் அவரே. இம்புல்கொடையில் எஸ்.டி. பண்டாரநாயக்க வீதியை மறித்து அந்த யாத்திரையைத் தடுத்தார். அன்று பிரதமருக்கு எதிராகத் தான் கையில் எடுத்த ஆயுதத்தை முப்பது வருடம் கழித்துத் தன் பிரதமரே தனக்கு எதிராக எடுப்பார் என்று ஜே.ஆர். நினைத்திருக்க மாட்டார்.

*

1987 ஏப்ரல் கொழும்பை உலுக்கியது. ஏப்ரல் 21 ஆம் திகதி புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குச் சில நாள் முன்னர் ஹபரணைப் பக்கம் பஸ் பயணிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தார்கள். பேச்சுவார்த்தை என்று வாய் திறக்கவே அமைச்சர்கள் தயங்கினார்கள். இராணுவத் தீர்வு கேட்டவர்களின் கை ஓங்கியது.

மே 26 ஆம் திகதி வடமராட்சியில் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' தொடங்கியது. சில நாட்களுக்குள் இராணுவம் பருத்தித்துறைக்கும் வல்வெட்டித்துறைக்கும் போய்விட்டது. அடுத்தது யாழ்ப்பாண நகரம் என்று லலித்தின் பக்கம் நம்பியது.

ஜூன் 3 ஆம் திகதி இந்தியா படகுகளில் நிவாரணப் பொருட்களை அனுப்பியது. இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பியது. மறுநாள் பிற்பகல் ஐந்து அன்டனோவ் சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு வந்து, யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டுவிட்டுப் போயின.

விழுந்த பொதிகளின் எடை சுமார் 25 தொன்தான். ஆனால் அது சொன்ன செய்தியைக் கொழும்பு உடனே புரிந்துகொண்டது. ஜே.ஆர். மேற்கு நாடுகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார். உதவிக்கு வர எவரும் ஆயத்தமாக இல்லை.

கட்சி பிளந்த இடம் அதுதான். நிதியமைச்சர் ரொனி டி மெல்லுக்குக் கவலை கஜானா: போர் தொடர்ந்தால் கடன் கொடுக்கும் நாடுகள் கையை விரித்துவிடும். மலையகத் தலைவர் தொண்டமான் தொடக்கத்திலிருந்தே அரசியல் தீர்வு கேட்டவர். காமினி திசாநாயக்க இந்தியாவோடு பேசும் வழியைத் திறந்தார். இந்தியத் தூதர் ஜே.என். டிக்சிட்டும் 'த ஹிந்து' பத்திரிகையின் என். ராமும் அந்த வழியில் நடந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரே காரணம் இருக்கவில்லை. லலித்துக்கு, வெற்றி கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போது நிறுத்துகிறார்களே என்ற ஆத்திரம். விவசாய அமைச்சர் காமனி ஜயசூரிய அநாகரிக தர்மபாலரின் குடும்பத்தில் வந்த பௌத்தர். கிழக்கை வடக்கோடு இணைப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. பிரேமதாசவின் கோபம் டில்லி மீது. அந்நியப் படை இலங்கை மண்ணில் கால் வைக்கக் கூடாது என்பதே அவர் நிலைப்பாடு.

*

ஜூலை கடைசி வாரத்தில் இந்திய–இலங்கை உடன்பாட்டின் வாசகம் அமைச்சரவைக்கு வந்தது.

வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாகும். ஓர் ஆளுநர், ஒரு மாகாண சபை, ஒரு முதலமைச்சர். 1988 டிசம்பர் 31 ஆம் திகதிக்கு முன்னர் கிழக்கு மக்களிடம் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, இணைப்பு தொடர்வதா என்று கேட்க வேண்டும். சிங்களத்தோடு தமிழும் ஆங்கிலமும் அரச கரும மொழிகளாகும். 48 மணித்தியாலத்தில் போர்நிறுத்தம், அதிலிருந்து 72 மணித்தியாலத்தில் ஆயுத ஒப்படைப்பு. கேட்டால் இந்தியா படை அனுப்பும். இணைப்புக் கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகளும் இந்தியாவின் நலனுக்கு மாறாகப் பயன்படக் கூடாது என்ற உறுதிமொழிகள்.

இந்த உடன்பாட்டை எதிர்த்த அமைச்சர்கள் ஏன் அன்றே இராஜினாமாச் செய்யவில்லை?

விடையில் பாதி ஜே.ஆரின் பெட்டியில் இருந்தது. 1982 அக்டோபரிலேயே ஆளும் கட்சி எம்.பி.க்கள் எல்லோரிடமும் திகதி இடாத இராஜினாமாக் கடிதங்களை அவர் வாங்கி வைத்திருந்தார். முரண்டு பிடிப்பவருக்கு அவர் திகதியை எழுதிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. மீதிப் பாதி வாரிசுக் கணக்கு. வெளியே போகிறவன் வரிசையிலிருந்தும் போய்விடுவான்.

ஆகவே பிரேமதாச புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தார். பதவியை விடவில்லை, உடன்பாட்டையும் தொடவில்லை.

*

ஜூலை 28, செவ்வாய்க்கிழமை. புறக்கோட்டை அரச மரத்தடியில் பிக்குகளும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் எதிர்க்கட்சி ஆதரவாளர்களும் கூடினார்கள். 'தாய்நாட்டைப் பாதுகாக்கும் இயக்கம்' என்ற பெயரில் முந்திய வருடமே திரண்ட அணி அது. பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது, பிறகு சுட்டது. பலர் மாண்டார்கள். இ.போ.ச. பஸ்களும் அரச கட்டடங்களும் எரிந்தன. நகரம் முழுவதும் ஊரடங்கு.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கதவைச் சாத்திக்கொண்டு வானொலிக்குக் காது கொடுத்திருந்த தமிழர்களுக்கு அந்தப் புகை பழைய பயத்தைக் கிளப்பியது. 1983 ஜூலை 25 க்கு நான்கு வருடமும் மூன்று நாளும்தான் ஆகியிருந்தன. அந்தத் திங்கட்கிழமை காலி வீதியில் கடைகள் எரிந்தபோது, வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. பரம்பரையாக யானைக்குப் புள்ளடி போட்டுவந்த வர்த்தகக் குடும்பங்களுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. இந்த முறை கும்பல்கள் தேடிப் போனது அரசாங்கத்தின் சொத்தையும் ஆளும் கட்சிக்காரரையும். ஆனாலும் எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்குள் திரும்புவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஜூலை 29, புதன்கிழமை. ராஜீவ் காந்தி கட்டுநாயக்கவில் வந்து இறங்கினார். வேறொரு நாட்டின் பிரதமர் வரும்போது வரவேற்க நிற்க வேண்டிய முதல் ஆள் உள்நாட்டுப் பிரதமர். பிரேமதாச வரவில்லை.

பிற்பகலில் கோட்டையில், ஜனாதிபதி மாளிகையில் ஒப்பம் வைக்கப்பட்டது. வெளியே ஊரடங்கு, துறைமுகத்துக்கு அப்பால் கடலில் இந்தியப் போர்க்கப்பல்கள். எண்பது வயது ஜனாதிபதியும் நாற்பத்திரண்டு வயது விருந்தாளியும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து கையெழுத்திட்டார்கள். காமினி திசாநாயக்க இருந்தார். ரொனி டி மெல் இருந்தார். பிரேமதாசவும் இல்லை, லலித்தும் இல்லை.

பத்திரிகையாளர்கள் முன் ஜே.ஆர். ஒரு விஷயம் சொன்னார். கிழக்கில் வாக்கெடுப்பு வந்தால், இணைப்புக்கு எதிராகத் தானே பிரசாரம் செய்வாராம். மை காயும் முன்பே, ஒப்பமிட்ட ஒரு முக்கிய ஷரத்தைத் தோற்கடிக்கப் போவதாக ஒப்பமிட்டவரே அறிவித்த உடன்பாடு உலகில் வேறு எத்தனை இருக்கும்? கட்சிக்குள் இருந்த பிளவு அந்த ஒரு மனிதருக்குள்ளும் ஓடியது.

ஜூலை 30 காலை. வழியனுப்பு மரியாதை. வெள்ளை உடுப்பில் கடற்படை வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ராஜீவ் அணிவகுப்பைப் பார்த்தபடி நடக்கிறார். வரிசையில் நின்ற விஜித ரோஹண விஜேமுனி துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, அடிப்பாகத்தால் ஓங்குகிறார். கடைக்கண்ணில் அசைவு பட்ட ராஜீவ் சட்டென்று குனிந்தார். தலைக்கு வந்தது தோளில் விழுந்தது. கமெரா அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டது; மறுநாள் அந்தப் படம் உலகமெங்கும் போனது.

இராணுவ நீதிமன்றம் அந்தக் கடற்படை வீரரைச் சிறைக்கு அனுப்பியது. தண்டனைக் காலம் முடியும் முன்னர் அவரை மன்னித்து விடுதலை செய்தவர், அப்போது ஜனாதிபதியாகிவிட்டிருந்த பிரேமதாச.

அதே 30 ஆம் திகதி இந்திய அமைதிப்படை பலாலியில் இறங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்த இலங்கைத் துருப்புகள் இந்திய விமானங்களிலேயே தெற்கே கொண்டுவரப்பட்டன. ஜே.ஆருக்கு அவர்கள் அந்த நேரத்தில் கொழும்பில் தேவைப்பட்டார்கள்.

பிரான்சில் டி கோல் இதே சுழியில் நின்றார். அல்ஜீரியாவைக் கைவிடாதே என்ற தளபதிகளின் கூச்சலில் 1958 இல் ஆட்சிக்கு வந்தவர், 1962 இல் அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் கொடுத்தார். இடையில் 1961 இல் தளபதிகள் அவருக்கு எதிராகவே கிளர்ந்தார்கள். டி கோல் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டைத் தன் பக்கம் திருப்பினார். ஜே.ஆரிடம் அந்தக் குரல் இருக்கவில்லை. 1983 இல் நாடு எரிந்து நான்கு நாள் கழித்துத் தொலைக்காட்சிக்கு வந்தபோது அவர் தமிழருக்கு ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. 1987 இல் சிங்களவருக்கு விளங்கப்படுத்தவும் அவரால் முடியவில்லை.

*

ஓகஸ்ட் 18. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பாராளுமன்றக் கட்டடத்தின் ஓர் அறையில் ஆளும் கட்சியின் எம்.பி.க்கள் கூட்டம். தலைமை மேசையில் ஜே.ஆர்.; பக்கத்தில் பிரேமதாச.

கைக்குண்டு பறந்து வந்தது. மேசையில் பட்டுத் தெறித்து அப்பால் போய் வெடித்தது. மேசையில் பட்ட இடத்திலேயே வெடித்திருந்தால் ஜனாதிபதியும் பிரதமரும் ஒரே நொடியில் போயிருப்பார்கள். மாவட்ட அமைச்சர் கீர்த்தி அபேவிக்கிரம மாண்டார். லலித் அத்துலத்முதலியின் உடலில் குண்டுச் சிதறல்கள் ஆழமாகப் பாய்ந்தன. சத்திரசிகிச்சை அவரைக் காப்பாற்றியது.

பின்னால் இருந்தது ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி). உடன்பாட்டை ஆதரித்தவன் எவன், எதிர்த்தவன் எவன் என்று அந்தக் குண்டு பார்க்கவில்லை. ஐ.தே.க.வுக்குள் இருந்த கடும்போக்காளர்கள் எதை மெதுவாகச் சொன்னார்களோ, அதையே வெளியில் ஆயுதத்தோடு சொல்லும் ஒரு கூட்டம் உருவாகிவிட்டது. அவர்கள் கண்ணில் லலித்தும் துரோகிதான்.

செப்டெம்பரில் காமனி ஜயசூரிய பதவியைத் துறந்தார். எதிர்த்தவர்களில் கொள்கைக்காக வெளியே போன முக்கிய அமைச்சர் அவர் ஒருவர்தான். வாரிசு வரிசையில் அவர் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

*

உள்ளே இருந்துகொண்டே உடன்பாட்டின் போக்கை மாற்ற முடியும் என்பது அக்டோபரில் தெரிந்தது.

3 ஆம் திகதி இலங்கைக் கடற்படை ஒரு படகை மறித்து, குமரப்பா, புலேந்திரன் உட்பட விடுதலைப் புலிகள் பதினேழு பேரைப் பிடித்துப் பலாலியில் வைத்தது. உடன்பாட்டின்படியான பொதுமன்னிப்பு இவர்களுக்கும் பொருந்தும், விட்டுவிடுங்கள் என்று இந்தியத் தரப்பு கேட்டது. விசாரணைக்குக் கொழும்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று தேசியப் பாதுகாப்பு அமைச்சு பிடித்த பிடியில் நின்றது. லலித் இதில் இறங்கி வரவில்லை என்பதை அந்த நாட்களை எழுதிய பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். ஜே.ஆர். தன் அமைச்சரை மீறவில்லை.

5 ஆம் திகதி, விமானத்தில் ஏற்றப்படும் முன்னர் அவர்கள் சயனைட் கடித்தார்கள். பன்னிரண்டு பேர் இறந்தார்கள். ஐந்து நாளில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது.

புலிகள் உடன்பாட்டை மனதார ஏற்றிருந்தார்களா என்பது வேறு விவாதம். சுதுமலையில் ஓகஸ்ட் 4 ஆம் திகதி பிரபாகரன் பேசியதிலேயே அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் அந்த இரண்டு நாட்களில் ஜனாதிபதி தன் ஒப்பத்தின் பக்கம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அதனால் அழிந்துவிடாது. தீர்மானிக்க வேண்டிய நேரத்தில் மிதவாதி விலகி நின்றார்; கடும்போக்காளர் தீர்மானித்தார்.

நவம்பரில், மாகாண சபைகளை உருவாக்கும் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம். உயர்நீதிமன்றத்தில் ஒன்பது நீதியரசர்கள் கேட்டார்கள். பிரதம நீதியரசர் சர்வானந்தா உட்பட நால்வர் சர்வஜன வாக்கெடுப்பு வேண்டாம் என்றார்கள்; நால்வர் வேண்டும் என்றார்கள். ரணசிங்க என்ற ஒரு நீதியரசர், குறிப்பிட்ட சில ஷரத்துகளை மாற்றினால் வாக்கெடுப்பு தேவையில்லை என்றார். மாகாண சபை முறை அந்த ஒரு குரலில் தப்பிப் பிழைத்தது. அதே மாதம் 9 ஆம் திகதி மருதானையில் கார்க் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் பலியாகினர். 14 ஆம் திகதி சபாநாயகர் திருத்தத்தில் ஒப்பமிட்டார்.

பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைத்தது. ஜூலையில் முகம் காட்டாத பிரதமரின் அரசாங்கம்தான் நவம்பரில் சட்டத்தை நிறைவேற்றியது. பிரேமதாச பிரதமராகவே நீடித்தார்.

*

டிசம்பர் 23. ஐ.தே.க.வின் தவிசாளர் ஹர்ஷ அபேவர்தன வெள்ளவத்தையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து மாதம் கழித்து, 1988 மே மாதம், பொதுச் செயலாளர் நந்தலால் பெர்னாண்டோவும் கொல்லப்பட்டார். கட்சியின் தவிசாளரும் பொதுச் செயலாளரும் இல்லாமற் போனார்கள். கிராமங்களில் யானைக் கட்சியின் கிளைத் தலைவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

அந்த நிலையில்தான் வாரிசை அறிவிக்கும் நேரம் வந்தது. ஜே.ஆரின் முன்னால் மூன்று பெயர்கள். ஒருவர் உடன்பாட்டுக்காகத் தன் அரசியலைப் பணயம் வைத்த காமினி. மற்றவர் அதை எதிர்த்தும் அமைச்சில் ஒட்டிக்கொண்ட, உடலில் குண்டுக் காயம் சுமந்த லலித். மூன்றாவது ஆள், உடன்பாட்டின் நிழல் தன் மேல் விழாதபடி பதினான்கு மாதம் கவனமாக நடந்த பிரேமதாச. இந்தியப் படையைத் திருப்பி அனுப்புவேன் என்று தேர்தல் மேடையில் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே.

1988 செப்டெம்பரில் ஜே.ஆர். இரண்டு காரியம் செய்தார். பிரகடனங்கள் மூலம் வடக்கையும் கிழக்கையும் இணைத்தார். ஜனாதிபதி வேட்பாளராகப் பிரேமதாசவுக்கு வழி விட்டார். தன் கையொப்பத்தை நிறைவேற்றிய அதே மாதத்தில், அந்தக் கையொப்பத்துக்கு வர மறுத்தவரிடம் கட்சியை ஒப்படைத்தது ஏன்? காமினியும் லலித்தும் அதை ஏன் பொறுத்துக்கொண்டார்கள், எவ்வளவு காலத்துக்கு?

(அடுத்த வாரம்: 1988 டிசம்பர் 19, ஜனாதிபதித் தேர்தல்)